சினிமா, தொடர், வீடியோ கேம்: அவற்றைப் பற்றிய புத்தகங்கள் – கேள்வி பதில்

இந்த மூன்றையும் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள்தான் என் வாசிப்பில் பாதி. கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்று தெரிகிறது. நானும் அதே கட்சிதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் ரெண்டு வாலு. ராத்திரி இருபது நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். சினிமா பற்றி எதில் ஆரம்பிக்கலாம்?

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் எழுதிய ‘இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ’. 1988இல் அவர் சிட்னியில் பேசிய உரையிலிருந்து வளர்ந்த மெல்லிய புத்தகம். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்துக்கு 230 மணி நேரத்துக்கும் மேல் காட்சிகள் எடுத்து வைத்திருந்தார்களாம். மொத்த வேலையையும் வகுத்துப் பார்த்து, ஒரு எடிட்டர் ஒரு நாளைக்குப் போட்ட வெட்டு 1.47தான் என்று மர்ச் கணக்குச் சொல்கிறார். வேலை நகரவில்லையே என்று புலம்புகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

ஒரு வெட்டை எங்கே போடுவது என்பதற்கு அவர் ஆறு காரணங்களுக்கு மதிப்பெண் கொடுத்திருப்பதும் இதில்தான். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் போகும் இடத்துக்கு 7, தட்டையான திரையில் உருவங்கள் அமையும் விதத்துக்கு 5, காட்சியின் இடத் தொடர்ச்சிக்கு 4. முந்தைய ஷாட்டில் இடது கையில் இருந்த கோப்பை இப்போது வலது கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் குதிக்கிறோமே, அந்த மாதிரிப் பிசகையெல்லாம் இந்தக் கணக்கு கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. அழுகை சரியாக வந்துவிட்டால் கோப்பையை யாரும் பார்க்கப்போவதில்லை.

படிக்க நேரம் எப்படி ஒதுக்குகிறீர்கள்?

ஒதுக்குவதில்லை. அத்தியாயம் சின்னதாக இருக்கும் புத்தகமாகப் பார்த்து எடுக்கிறேன்.

கேம் உருவாக்கம் பற்றி ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் அண்ணா. யூடியூப் பேட்டிகள் பார்த்துச் சலித்துவிட்டது.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் நாட்குறிப்பு, ‘தி மேக்கிங் ஆஃப் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’. 1985 முதல் 1993 வரை அன்றன்றைக்கு எழுதியது.

தம்பி டேவிடுக்கு வெள்ளை உடை போட்டு, ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுக்கிறார். அதை ஒவ்வொரு ஃபிரேமாகப் புகைப்படம் எடுத்து, உருவத்தின் விளிம்பை வரைந்து கணினிக்குள் ஏற்றுகிறார். இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடம்பில் ஒரு கனம் தெரிகிறதே, அது அந்தத் தம்பியின் கனம். ஆப்பிள் டூ கணினியின் நினைவகத்தை இளவரசனின் அசைவுகளே அடைத்துக்கொள்கின்றன. எதிரி என்று இன்னொரு உருவத்துக்கு இடமில்லை. கடைசியில் இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதன் மேலேயே ‘எக்ஸ்குளூசிவ் ஆர்’ (இரண்டும் வேறுபடும் புள்ளிகள் மட்டும் மிஞ்சும் கணக்கு) போட்டதும் மினுங்கும் நிழலுருவம் ஒன்று கிடைக்கிறது. இளவரசன் கண்ணாடிக்குள் பாயும்போது அதிலிருந்து வெளியே வரும் அந்த நிழல் மனிதன் பிறந்தது இடப் பற்றாக்குறையால்.

நடுவில் திரைக்கதை எழுதப் போகிறேன் என்று கேமை மாதக்கணக்கில் தூக்கிப்போட்டுவிடுகிறார். 1989இல் கேம் வெளிவந்து, பின்னால் ஜெயித்துவிட்ட ஆள் பேட்டி கொடுத்தால் இந்தத் தடுமாற்றத்தையெல்லாம் ‘பயணம்’ என்று மெழுகிவிடுவார். நாட்குறிப்பில் அது முடியாது. அதனால் என் வழக்கமான எச்சரிக்கை: பல வருஷம் கழித்துச் சொல்லும் நினைவைச் சாட்சியாக எடுக்காதீர்கள். தேதி போட்ட காகிதம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடாரி கம்பெனி விற்காத கேம்களைப் பாலைவனத்தில் புதைத்தது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். இடம் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ. 2014இல் தோண்டி எடுத்தார்கள், ‘ஈ.டி.’ கேமோடு வேறு பலவும் கிடைத்தன. ஆனால் 1983 செப்டம்பரிலேயே நாளிதழில் செய்தி வந்துவிட்டது. காகிதத்தைப் பாருங்கள் என்று இதற்குத்தான் சொல்கிறேன்.

வேலை, வீடு, பிள்ளைகள், இதற்கு நடுவில் படிக்க நேரம்...?

மேலே சொல்லியாயிற்று.

ஹிட்ச்காக்கிடம் பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோ எடுத்த பேட்டிப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். படங்கள் பாதிகூடப் பார்க்கவில்லை. படிக்கலாமா?

படம் படமாகத்தான் பேச்சு போகிறது. பார்த்த படத்தின் பகுதியை மட்டும் படியுங்கள். புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. 1962இல் ஹெலன் ஸ்காட் என்ற மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு நடந்த உரையாடல் இது. ஹிட்ச்காக் தன் கதைகளைப் பலமுறை சொல்லிப் பழகியவர் என்பதை மறக்க வேண்டாம். நினைவு, காகிதம், அதே பல்லவி.

‘மேங்க்’ படம் பார்த்தேன். ‘சிட்டிசன் கேன்’ திரைக்கதையை எழுதியது மேன்கிவிட்ஸ்தான், இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தன் பெயரையும் ஒட்டிக்கொண்டார். சரிதானே?

இல்லை. 1971இல் சினிமா விமர்சகர் பாலின் கேல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய ‘ரைசிங் கேன்’ கட்டுரைதான் இந்த வாதத்தைப் பிரபலமாக்கியது. அதை எழுதுமுன் அவர் வெல்ஸிடம் பேசவில்லை. அடுத்த வருஷமே இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் மறுப்பு எழுதினார். பிறகு பேராசிரியர் ராபர்ட் காரிஞ்சர் ஸ்டுடியோ ஆவணங்களில் இருந்த திரைக்கதை வரைவுகளை வரிசையாக ஒப்பிட்டு, 1978இல் முடிவை வெளியிட்டார். முதல் வரைவு மேன்கிவிட்ஸுடையது. அதை வெட்டி, மாற்றி, நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் வெல்ஸின் பங்கு பெரியது.

(மேலே கேட்டவரே) வரைவைத் திருத்தியவரெல்லாம் எழுத்தாளர் ஆகிவிடுவாரா?

‘அமெரிக்கன்’ என்ற பெயரில் 250 பக்கத்துக்கு மேல் போன வரைவு அது. அதைப் படப்பிடிப்புக்கு ஏற்றதாக மாற்றுவதை எழுத்துப்பிழை திருத்துவது மாதிரிப் பேசக் கூடாது.

(வேறொருவர்) கேல் ஒரு மேதை. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்த பேராசிரியரால் அவரைத் தோற்கடிக்க முடியுமா?

நடையில் முடியாது. யார் எதை எப்போது எழுதினார் என்ற கேள்வியில் முடியும், முடிந்தும்விட்டது.

(வேறொருவர்) ஆஸ்கர் இரண்டு பேருக்கும்தானே கொடுத்தார்கள்? இதில் சண்டை எதற்கு?

படத்தின் டைட்டில் அட்டையிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. சண்டைக்காரர்கள் யாரும் அந்த அட்டையைப் படிப்பதில்லை.

டிவி தொடர்கள் பற்றி?

டிவி விமர்சகர் ஆலன் செப்பின்வால், ‘தி ரெவல்யூஷன் வாஸ் டெலிவைஸ்ட்’, 2012. தொடருக்கு ஓர் அத்தியாயம். பார்க்காத தொடரின் அத்தியாயத்தைத் தொடாதீர்கள், முடிவையும் சேர்த்துத்தான் பேசுவார்.

எட்டு வயதுப் பையனுக்கு எந்த கேம் வாங்கலாம்?

அது என் துறை இல்லை. அட்டையில் வயது வரம்பு இருக்கும், பாருங்கள். அப்புறம் நீங்களே ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தமிழில் எதுவும் இல்லையா?

சு. தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’. தனித்தனிக் கட்டுரைகள், நம் இருபது நிமிஷத்துக்கு அளவாக இருக்கும். கேம் பற்றித் தமிழில் யாராவது இப்படி உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஆடியோ புத்தகம் கேட்டால் படித்ததாகுமா?

ஆகும். பாத்திரம் துலக்கும்போது பாதிப் புத்தகம் எனக்கு அப்படித்தான் போகிறது. ஆனால் மெக்னரை மட்டும் கேட்காதீர்கள். அதில் படங்கள் இருக்கின்றன.

சார், நேரம் எப்படி...

அடுத்தவர்.

(மீண்டும் ‘மேங்க்’ பார்த்தவர்) அப்போ பாலின் கேலைப் படிக்கவே வேண்டாமா?

கண்டிப்பாகப் படியுங்கள். அந்தக் காலத்து ஹாலிவுட் எழுத்தாளர்களின் குடியையும் கிண்டலையும் அவர் சொல்கிற மாதிரி சொல்ல ஆள் கிடையாது. முடித்த கையோடு காரிஞ்சரின் ‘தி மேக்கிங் ஆஃப் சிட்டிசன் கேன்’, 1985, அதில் திரைக்கதை அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். இரண்டு ராத்திரி போதும். அதற்குப் பிறகும் மேன்கிவிட்ஸ் ஒருவரேதான் என்று தோன்றினால் வாருங்கள், பேசலாம்.