கேள்வி நேரம்: ‘எஃப்.ஆர்.’ என்றால் ஃபாதரா, பிரதரா?

கேள்வி: எங்கள் பழைய பள்ளிப் படத்தில் வெள்ளை அங்கி ஆசிரியரின் பெயருக்குப் பின்னால் எஃப்.எஸ்.சி. என்று இருக்கிறது. அது அவர் படித்த பட்டமா? விழா அழைப்பிதழில் அவரை அருட்தந்தை என்று போடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பட்டமில்லை அம்மா, சபையின் பெயர். ‘ஃபிராத்ரெஸ் ஸ்கோலாரும் கிறிஸ்தியானாரும்’, அதாவது கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள். 1852இல் பினாங்குக்கு வந்த லாசால் சபையார் இவர்கள்தாம். துறவிகள், ஆனால் குருக்கள் அல்லர், பூசை வைப்பதில்லை. ஆகவே ‘அருட்சகோதரர்’ என்றே போடுங்கள்.

லத்தீனில் ஒருவர் ‘ஃபிராத்தெர்’, பலர் ‘ஃபிராத்ரெஸ்’. ‘சகோதரர்களின்’ என்று வந்தால் ‘ஃபிராத்ரும்’. பிரான்சிஸ்கன் சபையின் ஓ.எஃப்.எம். எழுத்துகளில் நடு எழுத்து அதுதான்: சிறிய சகோதரர்களின் சபை. வடமொழி ‘ப்ராத்ரு’வும் இதே வேரில் முளைத்தது, நம் ‘சகோதரர்’ வேறு, ஒரே வயிறு என்பது அதன் பொருள்.

பிழை பெரும்பாலும் சுருக்கத்தில்தான் நேர்கிறது. ஆங்கிலத்தில் எஃப், ஆர் என்ற இரண்டெழுத்து ‘ஃபாதர்’. லத்தீன் ஏட்டிலோ கல்வெட்டிலோ அதே இரண்டெழுத்து ‘ஃபிராத்தெர்’ ஆகலாம். கல் எந்த மொழியில் இருக்கிறதென்று முதலில் பாருங்கள். ஆங்கிலத்தில் சகோதரருக்கு பி, ஆர், ஓ என்று மூன்றெழுத்து. அச்சகத்தில் கொடுக்கும்போது சுருக்காமல் முழுச்சொல்லாகவே எழுதிக் கொடுங்கள்.