வாசகர் கேள்வி – பதில்: மறுகால் பாய்ந்தும் கடைமடை காய்வது ஏன்?

கேள்வி: இந்த வருடம் எங்கள் கண்மாய் பெருகி, மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்தது. அப்படியும் கதிர் வாங்கும் நேரத்தில், வாய்க்காலின் கடைசியில் கடைமடையில் இருக்கும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் இல்லை. கண்மாயை ஒட்டி வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவதே இல்லை. என்ன செய்வது?
– மேலூர்ப் பக்கத்து வாசகி

பதில்: அம்மா, அவர்கள் கூட்டத்துக்கு வராமல் போனதில்தான் எல்லாம் தொடங்குகிறது. போர் இல்லாத காலத்தில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தால் தலைமடை வயலும் காயும். அதனால் தலைமடைக்காரரும் மண்வெட்டியோடு வந்து நின்றார். 1990 வாக்கில் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் சொந்தமாக மோட்டார் வைத்திருப்பவருக்கு ஊரின் தயவு வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. கண்மாய்த் தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வார், அது குறைந்தால் மோட்டாரைப் போடுவார். மடையைச் சீக்கிரம் அடைத்தால் என்ன, அடைக்காவிட்டால் என்ன?

அவரிடம் பேச ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் போரில் ஊறுவதில் பெரும்பங்கு கண்மாய்த் தண்ணீர். மாசியில் கண்மாய் வறண்டால் பங்குனியில் அவர் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். ‘கடைமடைக்கு விட்டுக்கொடுங்கள்’ என்று கெஞ்சாதீர்கள். ‘உங்கள் போருக்காகவாவது கரையையும் வரத்துக்காலையும் பார்க்க வாருங்கள்’ என்று கேளுங்கள்.

அப்புறம், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி உங்கள் ஊரில் இருக்கிறாரா? என் தாய்மாமன் ஊரில் இருந்தார். மடைக்கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்தே இன்னும் எத்தனை தடவை பாய்ச்சலாம் என்பார். ராத்திரி யாராவது வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பியிருந்தால், வைக்கோலும் சேறும் வைத்து அவரே அடைத்துவிட்டுப் போவார். விடிந்ததும் யார் வயல் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். கடைமடை விளைந்தால்தான் அவருக்கும் முழுக்கூலி. ஆகவே அவர் தலைமடை பக்கம் சாயவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது. பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தலித் மக்கள். தண்ணீரை நியாயமாகப் பங்கிட அவர்கள் வேண்டும், ஆனால் முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்கார இடம் கிடையாது என்பது பெரிய அநீதி. இன்றைக்கு ஒருவரை வைப்பதென்றால் மாதச் சம்பளமும் கூட்டத்தில் குரலும் கொடுத்து வையுங்கள்.

கண்மாய் பாதிதான் நிரம்பியது என்றால், நடவுக்கு முன்பே எவ்வளவு நிலம் என்று முடிவு செய்துவிடுங்கள். இலங்கையின் வறண்ட பகுதிகளில் குளத்தை நம்பிய சிங்கள ஊர்களில் ‘பெத்ம’ என்றொரு வழக்கம் உண்டு. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்தை ஒட்டிய வயல்களில் மட்டும் பயிர் வைப்பார்கள். அந்த நிலத்தைக் கடைமடைக்காரர் உட்பட எல்லோருக்கும் அந்த ஒரு போகத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் சண்டை வரும், தெரியும். கடைமடை முழுக்கக் காய்ந்த பிறகு வரும் சண்டை அதைவிடப் பெரியது.

போருக்குக் கட்டுப்பாடு நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் நடந்திருக்கிறது. அங்கே பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று ஊரே முடிவு செய்தது. ஒவ்வொரு வருடமும் பெய்த மழையைக் கணக்கெடுத்து, அதற்குத் தக்க பயிரைத்தான் வைக்கிறார்கள். கரும்பையும் வாழையையும் ஒதுக்கிவைத்தார்கள். வெளியிலிருந்து வந்த உத்தரவாக இருந்திருந்தால் இது நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: பொது என்றால் யாருக்கும் அக்கறை இல்லை, தனியாரிடம் கொடுத்தால்தான் பிழைக்கும் என்கிறார் என் மகன். சரியா?
– காரைக்குடி வாசகர்

பதில்: உங்கள் மகன் சொல்வது பழைய வாதம். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு மாட்டைக் கூட்டிக்கொண்டே போய் நிலத்தை அழிப்பார்கள் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். யாரும் யாரையும் கேட்காத இடத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலையூரில், குளிர்காலம் முழுவதும் எத்தனை மாடுகளுக்கு ஒருவரால் தீனி போட முடியுமோ அத்தனையைத்தான் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517லேயே விதி எழுதிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட ஊர்களை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். பரிசு வாங்கிய ஆய்வு என்று சொன்னால் மகன் கேட்பார், சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை (மீன்பாசி) ஏலம் எடுத்தவர் சீக்கிரம் மீன் பிடிக்க வேண்டும் என்று மடையைத் திறந்துவிடுகிறார். தடுக்க முடியுமா?
– மானாமதுரை வாசகர்

பதில்: ஏலத்துக்கு முன்பே தடுக்க வேண்டும். மடைச் சாவி ஏலக்காரர் கையில் போகாது, கடைசி வயல் அறுத்த பிறகே தண்ணீரை வடிக்கலாம், மீறினால் முன்பணம் திரும்பாது என்று மூன்றையும் ஏல நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். ஏலத்தை அரசுத் துறையோ ஊராட்சியோ நடத்தினால், தேதி அறிவிக்கும் முன்பே விவசாயிகள் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது மடைப் பலகை மாற்றவும் கரை மண் போடவும் போகட்டும். இதையும் அந்த மனுவிலேயே கேளுங்கள்.