குரல்வளை மருவுக்குப் புது ஊசி: அது வரும்வரை அறுவையைத் தள்ளிப்போடலாமா?

குரல்வளையில் திரும்பத் திரும்ப மரு முளைப்பதால் அவதிப்படும் உங்கள் கடிதம் கிடைத்தது. இதற்கு வந்திருக்கும் புது ஊசியில் கொரில்லாவிடமிருந்து எடுத்த ஒரு வைரஸ் இருக்கிறது, அதை உடம்பில் ஏற்றினால் பிற்பாடு என்ன ஆகுமோ என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அது உடம்பில் பெருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். உடம்புக்குள் பெருக முடியாதபடி முடக்கித்தான் அதை ஊசியில் வைக்கிறார்கள். உங்களுக்கு மரு முளைக்கக் காரணமான எச்பிவி என்ற மரு வைரஸின் 6, 11 வகைகளை நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. காய்ச்சல், குளிர், அசதி, ஊசி போட்ட இடத்தில் வலி வரலாம். மற்ற சந்தேகங்களுக்கு வீடியோக்களை நம்பாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சோதனை எலி ஆகிவிடுவோமோ என்ற பயம் புரிகிறது. அமெரிக்காவில் இந்த ஊசியைச் சோதித்தபோது இப்போது போடும் அளவில் 35 பேருக்குத்தான் போட்டார்கள், எல்லாருமே அதற்கு முந்தைய ஓராண்டில் குறைந்தது 3 முறை அறுவை செய்துகொண்டவர்கள். 12 வாரத்தில் 4 ஊசி. 18 பேருக்கு அடுத்த ஓராண்டு அறுவையே தேவைப்படவில்லை. இவ்வளவு அரிய நோய்க்கு ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்க முடியாது, அதனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு வைக்காமலே நடத்தினார்கள். 2025 ஆகஸ்டில் அங்கே பெரியவர்களுக்கு அனுமதியும் கிடைத்தது. நல்ல செய்திதான், ஆனால் மற்றவர்களுக்கு அறுவை முழுதாக நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது கடிதத்தின் கடைசி வரி. ஊசி வரட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், இரவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறது, அதற்குத் தங்கையின் ஆஸ்துமா பம்பை அடிக்கிறீர்கள். முதலில் அந்தப் பம்பைக் கீழே வையுங்கள். ஆஸ்துமா சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும். உள்ளே இழுக்கும்போது வந்தால் குரல்வளையில் வழி குறுகுகிறது என்று பொருள், திராட்சைக் கொத்து மாதிரி வளரும் மருவைப் பம்பு கரைக்காது. குரல் கம்மினால் நாலு நாள் பொறுக்கலாம், இதற்குப் பொறுக்கக் கூடாது. நாளையே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு 'ஈ' சொல்லச் சொல்வார், சில நிமிட வேலை. அதற்குள் மூச்சிழுக்கும்போது கழுத்துக்குழி உள்வாங்கினாலோ ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாவிட்டாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொற்றாது.

அப்புறம், அந்தச் சோதனையிலேயே மருவை முடிந்தவரை அகற்றிவிட்டுத்தான் முதல் ஊசி போட்டார்கள். அறுவை எப்படியும் உண்டு. அதை முடித்துக்கொண்டு, ஊசி உங்களுக்குப் பொருந்துமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.