மூளை ஆய்வுகளை எளிமையாக எழுதுவது எப்படி? எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி: உயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், ஒரு மாத இதழில் மூளை ஆராய்ச்சிகளைப் பற்றித் தொடர் எழுதுகிறேன். 'இது சிறிய ஆய்வு', 'இன்னும் உறுதியாகவில்லை' போன்ற வரிகள் இருந்தால் வாசகர்கள் படிக்கமாட்டார்கள் என்று ஆசிரியர் அவற்றை நீக்கிவிடுகிறார். நீக்கினால் எழுதியதே தவறாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். எளிமையும் துல்லியமும் சேர்ந்து அமைய வழி உண்டா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஆசிரியரின் கவலையிலும் பொருள் இருக்கிறது. எச்சரிக்கை வரிகளைக் கட்டுரையின் இறுதியில் தனியாகச் சேர்த்தால் வாசகர் அவற்றைத் தாண்டிப் போவார், இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவதும் அவையாகத்தான் இருக்கும். ஆகவே அவற்றைத் தனியே எழுதாதீர்கள். ஆய்வாளர்கள் எதை, யாரிடம், எந்தக் கருவியால், எதனோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பதையே கட்டுரையின் உடலாக ஆக்குங்கள். அளந்த விதத்தைச் சரியாகச் சொன்னால், முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அதிலேயே அடங்கிவிடும்.

நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியைக் கொண்டு செய்த ஆய்வுகளை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கருவி நரம்பணுக்களின் செயல்பாட்டை நேரடியாக அளப்பதில்லை. ஓரிடத்தில் நரம்பணுக்கள் கூடுதலாக வேலை செய்தால் அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது. ஆக்சிஜன் உள்ள இரத்தமும் ஆக்சிஜனை இழந்த இரத்தமும் காந்தப் புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால் அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய முடிகிறது. 1990-இல் ஜப்பானிய ஆய்வாளர் செய்ஜி ஒகாவா இதை எடுத்துக்காட்டினார். இரத்த ஓட்டம் உச்சத்தை எட்ட ஏறத்தாழ ஐந்து விநாடி ஆகிறது. படத்தின் ஒரு புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கியிருக்கின்றன. படத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறங்கள் அல்ல. இரண்டு நிலைமைகளுக்கு இடையிலான வேறுபாடு, ஆய்வாளர்கள் வகுத்த புள்ளியியல் எல்லையைத் தாண்டிய இடங்களில் கணினி பூசிய வண்ணங்கள். அந்த எல்லையைக் கவனமாக வகுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கிரெய்க் பென்னட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-இல் காட்டினார்கள். இறந்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, பல்லாயிரம் புள்ளிகளைச் சோதிக்கையில் சில தற்செயலாகவே எல்லையைத் தாண்டிவிடும் என்பதற்கு உரிய திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது, அதன் மூளையிலும் 'செயல்பாடு' தென்பட்டது; திருத்தம் செய்ததும் அது மறைந்தது. கருவியைக் குறை சொல்வது அவர்கள் நோக்கமன்று; திருத்தத்தின் அவசியத்தை உணர்த்துவதே நோக்கம்.

எனவே மூளையின் ஒரு பகுதியான அமிக்டலாவைப் பற்றி 'அமிக்டலா அச்சத்தின் இருப்பிடம்' என்று எழுதாமல், 'அச்சம் தெரியும் முகங்களைப் பார்த்தபோது, இயல்பான முகங்களைப் பார்த்தபோது இருந்ததைவிட அமிக்டலாவில் இரத்த ஓட்டம் கூடியது' என்று எழுதுங்கள். சொற்கள் சில கூடினாலும் இதில் புரியாதது எதுவுமில்லை. இந்த முடிவைத் தலைகீழாகத் திருப்புவது இன்னும் பெரிய தவறு. ஐபோனின் மீது மக்களுக்கு உண்மையான காதலே இருக்கிறது என்று 2011-இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மூளையில் இன்சுலா என்ற பகுதி செயல்பட்டதே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ரஸ்ஸல் போல்ட்ராக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட நரம்பியல் ஆய்வாளர்களும் அதை மறுத்துக் கடிதம் எழுதினார்கள். வலி, அருவருப்பு, சுவை என எத்தனையோ அனுபவங்களில் இன்சுலா பங்கேற்பதால், அது செயல்பட்டது என்பதை மட்டும் வைத்து ஒருவர் என்ன உணர்ந்தார் என்று சொல்லிவிட முடியாது.

மருந்து ஆய்வுகளில் உங்கள் பொறுப்பு பல மடங்கு கூடுகிறது, ஏனெனில் நோயாளியின் மகளோ மகனோ அதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போவார்கள். அல்சைமர் நோய்க்கான லெக்கனெமாப் மருந்தின் ஆய்வு முடிவுகள் 2022-இல் வெளிவந்தபோது, 'நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது' என்பதே எங்கும் தலைப்பாக இருந்தது. அந்த எண் சரியானதே. ஆனால் நோயின் தொடக்க நிலையில் இருந்த 1,795 பேரை 18 மாதங்கள் கவனித்த அந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களும் நலிந்தார்கள், பெறாதவர்களும் நலிந்தார்கள். நினைவையும் அன்றாடச் செயல்திறனையும் மதிப்பிடும் 18 புள்ளி அளவுகோலில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 1.21 புள்ளியும், மருந்தில்லாத ஊசி பெற்றவர்கள் 1.66 புள்ளியும் சரிந்தார்கள். வேறுபாடு 0.45 புள்ளி. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. மற்றவர்களில் அது 1.7 சதவீதம். 27 என்ற எண்ணை எழுதும் இடத்திலேயே இந்த எண்களையும் எழுதுங்கள். இழந்த நினைவு திரும்பும் என்ற பொய்யான நம்பிக்கையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.

துல்லியம் சுவையைக் கெடுக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. ஊரின் தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டிய இலண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு, இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்று 2000-இல் எலினார் மெக்வயரின் குழு 16 பேரை ஆராய்ந்து சொன்னது. தெருக்களைக் கற்றதால் அது வளர்ந்ததா, அல்லது பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தாம் அத்தொழிலில் நிலைத்தார்களா? இதற்கு விடை தேட, பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும் சில ஆண்டுகள் கழித்தும் ஸ்கேன் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டுமே வளர்ச்சி தெரிந்தது. இரண்டு ஆய்வுகளையும் வரிசையாகச் சொன்னாலே, உடனிருப்பது வேறு, காரணமாவது வேறு என்பது வாசகருக்கு விளங்கிவிடும். முதல் ஆய்வின் குறைதான் கதையை நகர்த்துகிறது.

பல்கலைக்கழகச் செய்திக் குறிப்பை மட்டும் நம்பி எழுதவே கூடாது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளைக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சரிபார்த்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை உங்கள் ஆசிரியருக்கும் பயன்படும். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், அங்கே கண்டதை மனிதருக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்தியவை 36 சதவீதம். குறிப்பு மிகைப்படுத்திய இடத்தில் செய்தியும் பெரும்பாலும் மிகைப்படுத்தியது. ஆனால் மிகைப்படுத்தியதால் அவை கூடுதலாகச் செய்தியாயின என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை.

மூலக் கட்டுரையில் ஆய்வுமுறைப் பகுதியை முதலில் படியுங்கள். எலிகளில் நடந்த ஆய்வென்றால் தலைப்பிலேயே எலி வரட்டும். அந்த ஆய்வில் தொடர்பில்லாத ஒரு நிபுணரிடம், 'இந்த முடிவை நீங்கள் நம்புவதற்கு இன்னும் என்ன தேவை?' என்று கேளுங்கள். அவருடைய பதில் பெரும்பாலும் உங்கள் சிறந்த பத்தியாக அமையும். தலைப்பை ஆசிரியரே வைப்பாரென்றால், கட்டுரையோடு துல்லியமான தலைப்புகள் இரண்டை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் தலைப்பை ஒருமுறை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.