போர்ட் செத்ததா, கேபிள் செத்ததா?

கேள்வி: எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலக சர்வரில் ஒரு நெட்வொர்க் போர்ட் மட்டும் 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் (கிகாபிட்) பதில் 100-இல் ஓடுகிறது. நெட்வொர்க் கார்டை மாற்றிவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பணத்தை வீணாக்காதீர்கள். 100-க்கு நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும். முனையை வெட்டிவிட்டுப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்). முதலில் கேபிள், பிறகு போர்ட், கடைசியில்தான் மதர்போர்டு. எத்தனை முறைதான் எழுதுவது!

கேள்வி: சர்வர் போர்ட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

எந்த சர்வர், எந்தப் போர்ட், விளக்கு எரிகிறதா என்று ஒன்றுமே இல்லை. விரலியா கிழங்கா என்று சொல்லாமல் மஞ்சள் விலை கேட்பீர்களா? அதே கேபிளைப் பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழுது கேபிளோடு போகிறதா, போர்ட்டோடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நூற்பாலைக்கும் அலுவலகத்துக்கும் 80 மீட்டர் கேபிள். ஒவ்வொரு கோடை மழையிலும் ஒரு போர்ட் போய்விடுகிறது.
– வாசகர், உடுமலை

100 மீட்டருக்குள் இருப்பதால் டேட்டா ஓடும். இடியும் அதே செம்பில்தான் ஓடிவரும். இரண்டு கட்டடங்களுக்கு எர்த் வேறு வேறு. உலோகக் கவசம் இல்லாத ஃபைபர் இழுங்கள். இரண்டு போர்ட் போன காசில் வேலை முடிந்திருக்கும்.

கேள்வி: சர்வரின் பயாஸ் (அதை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பாதியில் மின்சாரம் நின்றுவிட்டது. இப்போது ஃபேன் மட்டும் சுற்றுகிறது. நண்பர் அதே மாடல் மதர்போர்டிலிருந்து எடுத்த பயாஸ் கோப்பைத் தருகிறார். அப்படியே எழுதலாமா?
– வாசகர், கரூர்

யூபிஎஸ் இல்லாமல் தொடங்கியதற்கே உங்களைத் திட்ட வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது.

பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து மேற்பார்க்கும் சிறு கணினிச் சிப்) உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தனியே ஓடுவது. பயாஸ் செத்தாலும் பல சர்வர்களில் அதன் வழியாகவே மறுபடி ஏற்றிவிடலாம். சில போர்டுகளில் ரெக்கவரி ஜம்பர் (மீட்புக்கான சிறு இணைப்பு முனை) இருக்கும். கையேட்டைப் புரட்டுங்கள்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால்தான் புரோகிராமர், அதாவது சிப்பில் நேரடியாக எழுதும் கருவி. பவர் கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு அதன் கிளிப்பைப் பயாஸ் சிப்பில் மாட்டுங்கள். சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று பாருங்கள். மலிவான சிஹெச்341ஏ புரோகிராமர்கள் பல, டேட்டா கம்பியில் 5 வோல்ட்டை விட்டுவிடும். எழுதும் முன் சிப்பில் இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் அச்சாக ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ‘கெட்டுப்போனதை எதற்கு எடுத்துவைக்க வேண்டும்’ என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் சீரியல் எண்ணும், பல போர்டுகளில் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் போர்ட்டை அடையாளம் காட்டும் எண்) அதற்குள்தான் இருக்கின்றன.

நண்பரின் கோப்பை அப்படியே எழுதினால் அவருடைய அடையாளம் உங்கள் போர்டில் ஏறிவிடும். கோவையில் ஒரு வார்ப்பட ஆலையில் இப்படித்தான் இரண்டு சர்வருக்கும் ஒரே மேக் முகவரி. ஒன்று பேசினால் மற்றது ஊமை. கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. உற்பத்தியாளர் தரும் பயாஸை எடுத்து, உங்கள் பழைய கோப்பிலுள்ள அடையாளப் பகுதியை அதில் சேர்த்து எழுதுங்கள். கை பழகாதவர் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ஃபைபர் மாட்டியும் லிங்க் விளக்கு எரியவில்லை.
– வாசகர், நாமக்கல்

இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். முனையைத் துடையுங்கள். கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பிஎம்சி அப்டேட் பத்து நிமிடமாக அசையவே இல்லை. சுவிட்சை அணைக்கட்டுமா?
– வாசகர், கோபி

கை வைக்காதீர்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் இன்னொரு டீ.