சீனாவின் வடமேற்கில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் சின்ஜியாங்கில் தனியாகச் சுற்ற முடியுமா? போலீஸ் கெடுபிடி அதிகம் என்கிறார்களே?

முடியும். திபெத் மாதிரி தனி அனுமதியோ கூடவே வழிகாட்டியோ தேவையில்லை. சீன விசா இருந்தால் தலைநகர் உரும்சியிலிருந்து காஷ்கர், ஹோத்தான் வரை ரயிலிலேயே போகலாம். 2022 ஜூனில் ஹோத்தான்–ருவோச்சியாங் பாதை திறந்ததும் தக்லமாக்கான் பாலைவனத்தைச் சுற்றி 2,712 கிலோமீட்டருக்கு முழு ரயில் வளையமே வந்துவிட்டது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய தாஷ்குர்கானுக்கு மட்டும் அனுமதி விதிகளைக் காஷ்கரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கெடுபிடி உண்டு. ஆனால் 2017, 18-இல் இருந்த அளவுக்குக் கண்ணில் படாது. அப்போது கறிக்கடைக் கத்தியைக்கூடச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். இப்போது சோதனைச் சாவடிகள் குறைந்துவிட்டன, கேமராக்கள் அப்படியே இருக்கின்றன. ரயில் நிலையங்களில் உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையை இயந்திரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் பாஸ்போர்ட்டைப் பல இயந்திரங்கள் படிக்காது, ஓரமாக நிறுத்திக் கையால் பதிவார்கள். மரியாதையாகத்தான் நடத்துவார்கள், நேரம்தான் போகும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

கிர்கிஸ்தானிலிருந்து தரை வழியாக வருவதாக இருந்தால் போனில் கவனம் தேவை. அந்த எல்லையில் பயணிகளின் போன்களில் ஒரு செயலியை ஏற்றி, தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் எடுத்தது 2019-இல் செய்தியானது.

ஆனால் நம்மைப் பற்றிக் கவலைப்பட பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலும் நாம் எடுத்த புகைப்படத்தை அழிக்கச் சொல்வார்கள், அழித்துவிட்டு நடையைக் கட்டலாம். மாட்டிக்கொள்வது நம்மோடு பேசிய உய்குர் ஆள்தான். அங்கே உய்குர் முதலான முஸ்லிம்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது மானுடத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. வெளிநாட்டுக்காரனோடு அரை மணி நேரம் தனியாகப் பேசினாலே நாளைக்கு அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். அதனால் முகாம், தொழுகை, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று எதையும் கேட்காதீர்கள். வீச்சாட் (அங்கத்திய வாட்ஸ்அப் மாதிரி) எண்ணும் வாங்காதீர்கள். படிக்க வேண்டியதை ஊரிலேயே படித்துவிட்டுப் போங்கள். அவர்களாகவே ஷாருக் கானைப் பற்றிப் பேச்செடுத்தால் தாராளமாகப் பேசுங்கள், இந்திப் படம் அங்கே பலருக்கு உயிர்.

காஷ்கர் பழைய நகரம் பார்க்க அழகுதான். ஆனால் 2009-க்குப் பிறகு பெரும்பகுதியை இடித்துக் கட்டியது, எனக்கு ஒட்டவில்லை. 1442-இல் கட்டிய இத் கா பள்ளிவாசலுக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும்போது சங்கடமாகத்தான் இருக்கும். ஹோத்தான் பக்கம் கூட்டம் குறைவு, நான் அங்கேதான் கூடுதல் நாள் ஒதுக்குவேன்.

அப்புறம், கடிகாரம். உய்குர் மக்கள் பெய்ஜிங் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தையும் சொல்வார்கள். ரயில் ஓடுவது பெய்ஜிங் நேரப்படி. வாடகை வண்டி பேசும்போது எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.