வங்கி அனுப்பிய கடிதத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: 2021 கோடையில் கனடாவின் ஸ்காபரோவில் வீடு வாங்கினோம். ஐந்து வருட நிலையான வட்டி, 1.89 சதவீதம். மாதம் ஏறத்தாழ 2,000 டாலர் கட்டுகிறோம். இன்னும் 4 இலட்சம் டாலர் கடனும் 20 வருடமும் மீதியிருக்கின்றன. மூன்று மாதத்தில் இந்த ஐந்து வருடத் தவணைக்காலம் முடிகிறது. 4.79 சதவீதத்தில் புதுப்பிக்கலாம் என்று வங்கி கடிதம் அனுப்பியிருக்கிறது. கணவருக்கு அண்மையில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். வேறு இடத்தில் மறுத்துவிடுவார்கள், இங்கேயே கையெழுத்துப் போடுவோம் என்கிறார் அவர். மோர்கேஜ் புரோக்கராக (வீட்டுக் கடன் தரகராக) இருக்கும் என் தம்பி, 4.29 எடுத்துத் தருகிறேன், மாறுங்கள் என்கிறான். கையில் சீட்டு எடுத்த காசு 15,000 டாலரும் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், ஸ்காபரோ

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தம்பி சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் இருவருமே ஒன்றை மறந்துவிட்டார்கள். அதே வங்கியில் இருந்துகொண்டே குறைந்த வட்டி கேட்கலாம். கடிதத்தில் இருக்கும் 4.79 வங்கியின் கடைசி விலை அல்ல. பலர் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 4 இலட்சம் டாலர், 20 வருடம். 4.79 சதவீதமென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,583 டாலர். 4.29 என்றால் 2,477. மாதம் சுமார் 105 டாலர் வித்தியாசம். ஐந்து வருடத்தில் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. எப்படிப் பார்த்தாலும் இப்போது கட்டுவதைவிட 500 டாலருக்கு அருகில் கூடப்போகிறது என்பது கசப்பான உண்மை. 1.89 மீண்டும் வருமென்று காத்திருந்து திட்டம் போடாதீர்கள்.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். புதிய இடத்தில் கடன் கேட்டால் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்ற தடை இருந்தது. ஒப்பந்த வட்டியோடு 2 சதவீதம் கூட்டி, அல்லது 5.25 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அந்த வட்டியைக் கட்ட உங்களால் முடியுமா என்று பார்ப்பார்கள். 2024 நவம்பர் 21 முதல், கடன் தொகையையும் காலத்தையும் கூட்டாமல் மத்திய அரசின் கண்காணிப்பில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து அதே வகையான இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. காப்புறுதி செய்யப்பட்ட (கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு கிடைக்கும்) கடன்களுக்கு விலக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்காகக் கதவு அகலத் திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதிய வங்கி சம்பளச் சீட்டையும் வேலைத்தலக் கடிதத்தையும் கேட்கும், கடன் வரலாற்றைப் பார்க்கும். இருக்கிற வங்கியோ, தவணைகளை ஒழுங்காகக் கட்டி வந்தவர்களிடம் பெரும்பாலும் இவை எதையும் புதிதாகக் கேட்பதில்லை. வேலை நேரம் குறைந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விடயம் அல்ல. அதனால் உங்கள் நிலையில் நான் கணவரின் பக்கம்தான் சாய்வேன். 4.79க்கு மட்டும் சாயமாட்டேன்.

தம்பியின் வேலை இங்கேதான் இருக்கிறது. அந்த 4.29ஐ எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: புரோக்கருக்குக் கூலி கொடுப்பது பொதுவாகக் கடன் கொடுக்கும் நிறுவனம்தான். நீங்கள் பழைய வங்கியிலேயே இருந்துவிட்டால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. தம்பியைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. யாருக்கு எதில் இலாபம் என்று தெரிந்திருந்தால் நல்லது. எழுத்தில் கிடைத்ததும் வங்கியை அழைத்து, “எனக்கு வெளியே இந்த வட்டி கிடைக்கிறது, நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேளுங்கள். கிளை அலுவலர் கையை விரித்தால், வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் முதல் பதிலோடு தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.

4.34, 4.39 வரை இறங்கி வந்தால் இருந்துவிடலாம். மாறுவதற்கும் செலவு உண்டு. பழைய வங்கி விடுவிப்புக் கட்டணமாகச் சில நூறு டாலர் கேட்கும். சட்டத்தரணி, மதிப்பீட்டுச் செலவுகளைப் புதிய வங்கியே ஏற்பதுண்டு. ஆனால் உங்கள் வீடு ‘கொலாட்டரல் சார்ஜ்’ முறையில், அதாவது இந்தக் கடனோடு அதே வங்கியின் பிற கடன்களுக்கும் ஈடாக, பதியப்பட்டிருந்தால் செலவு கூடும். வீட்டின் மீது கடன் வசதிக் கணக்கு எடுத்திருந்தால் அப்படிப் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாட்களையும் கவனியுங்கள். மத்திய அரசின் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்கள் தவணைக்காலம் முடிவதற்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன் புதுப்பித்தல் விபரத்தை அனுப்ப வேண்டும். அந்த மூன்று வாரத்தில் வேறு வங்கிக்கு மாறுவது மிகவும் கடினம். உங்களுக்கு மூன்று மாதம் இருப்பது நல்ல காலம். ஒன்றும் செய்யாமல் விட்டால் வங்கி தானாகவே புதுப்பித்துவிடலாம், அதுவும் பெரும்பாலும் அவர்களுக்குச் சாதகமான வட்டியில்.

மாதத் தவணையைக் குறைக்கக் காலத்தை மறுபடி 25 வருடமாக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். 4.29 சதவீதத்தில் மாதம் 310 டாலர் குறையும், உண்மைதான். வட்டி மாறாமலே இருந்தால் கடைசியில் 55,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். புதிய இடத்தில் கேட்டால், மேலே சொன்ன சோதனை விலக்கும் போய்விடும். தவணையே கட்ட முடியாத நிலை வந்தால் மட்டும் வங்கியோடு அதைப் பேசலாம்.

வீட்டை அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒப்பாதீர்கள். நிலையான வட்டியை இடையில் முறித்தால் மூன்று மாத வட்டி, அல்லது வட்டி வீத வித்தியாசம் (உங்கள் வட்டிக்கும் அன்றைய வட்டிக்கும் உள்ள இடைவெளியால் வங்கிக்கு வரும் இழப்பு), எது அதிகமோ அதைத் தண்டமாக வாங்குவார்கள். உங்கள் கடனுக்கு மூன்று மாத வட்டியே 4,000 டாலரைத் தாண்டும்.

சீட்டுக் காசைப் பற்றி: தவணைக்காலம் முடியும் நாளில் எவ்வளவு கட்டினாலும் தண்டம் கிடையாது. இருந்தும் முழுவதையும் கட்டிவிடாதீர்கள். 15,000ஐயும் கடனில் போட்டால் மாதம் நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சப்படும். கணவருக்கு வேலை இன்னும் குறைந்தால் அந்தக் காசை வங்கி திருப்பித் தராது. மூன்று மாதத் தவணைக்குப் போதுமான தொகையைத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள்.